கேபினெட்டுக்குள் கர்ர்ர்: எஸ்எம்பிஎஸ் மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஆறு வருடம் ஆன டெஸ்க்டாப். காலையில் ஸ்விட்ச் போட்டதும் ஐந்து நிமிடம் 'கர்ர்ர்' என்று உறுமுகிறது, அப்புறம் தானாகவே அடங்கிவிடுகிறது. இது போக, சில நாட்கள் சாயங்காலம் மட்டும் 'டக், டக்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். உள்ளே 1 டிபி ஹார்ட்டிஸ்க் ஒன்று, குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒன்று ஐந்து நிமிடம் கத்திவிட்டு அடங்குகிறது, இன்னொன்று சாயங்காலம் மட்டும் வருகிறது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒரே சத்தத்தை ஒருவர் 'கர்' என்பார், இன்னொருவர் 'கொர்' என்பார், போனில் கேட்டால் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார் பையன் ஒன்று சொல்வான், ஆனால் எப்போது வருகிறது என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

முதலில் படங்கள். டக் டக் என்பது ஹார்ட்டிஸ்க் என்று நான் நினைக்கவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஆனாலும் இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன்னால் அந்தப் படங்களை வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். மற்ற எந்தச் சத்தமாக இருந்தாலும் போவது ஒரு சாமான், கடையில் கிடைக்கும். இது ஒன்றுதான் போனால் போனது.

ஹார்ட்டிஸ்க் ஏன் டக் டக் என்கிறது? உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது (சிலதில் 5400). அந்தத் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், காற்று மெத்தையில் மிதந்தபடி படிக்கும் தலை நகர்கிறது. தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அது தட்டிலேயே முன்கூட்டி எழுதிவைத்த குறிகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். தலை பழுதாகி அந்தக் குறிகள் படிக்கக் கிடைக்காமல் போனால், திரும்பக் கிளம்பிய இடத்துக்கே ஓடிவந்து மறுபடி தேடும். கிடைக்காது. மறுபடி ஓடிவரும். தலையைத் தாங்கும் கை எல்லையில் போய் இடிப்பதுதான் அந்த டக். இந்தச் சத்தத்தின் அடையாளமே அதன் ஒழுங்குதான்: கடிகாரம் மாதிரி சீரான இடைவெளியில் டக்... டக்... டக், கூடவே விண்டோஸ் உறைந்து நிற்கும், ஒரு ஃபோல்டரைத் திறக்க ஒரு நிமிடம் ஆகும்.

இதற்கு மாறாக, பெரிய ஃபைல் நகல் எடுக்கும்போது வரும் 'கிரிக்கிரிக்கிரிக்' என்ற ஒழுங்கில்லாத மெல்லிய கொறிப்பு, தலை இங்கும் அங்கும் ஓடும் சாதாரணச் சத்தம். ஷட் டவுன் செய்யும்போது ஒரே ஒரு 'க்ளக்' வந்தால் தலை தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மின்சாரத்தைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று வேலை இல்லாதபோதெல்லாம் சில நொடிகளிலேயே தலையைப் படுக்கவைத்துவிடும் டிஸ்க்குகளும் உண்டு, அவை ராத்திரி அமைதியில் அவ்வப்போது டிக்கென்று சொல்லும், அதுவும் பயப்பட வேண்டிய சத்தம் இல்லை.

காதை மட்டும் நம்ப வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். நீளமான பட்டியல் வரும், அதில் நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே வரிதான்: 05, சி5, சி6. கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தட்டின் சின்னச் சின்னத் துண்டுகள்), படிக்க முடியாமல் காத்திருப்பவை, கைவிடப்பட்டவை. மூன்றும் சுழியமாக இருந்தால் நல்லது. சி5 இன்று 8, நாளை 24 என்று ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம். ஒரு விஷயம், இந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், 10 என்று இருந்தால் அது பதினாறு. அமைப்புகளில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் ஏதாவது எண் தெரிந்தால் பதற வேண்டாம், சில டிஸ்க்குகளில் அது அப்படித்தான் காட்டும். சி7 ஏறினால் டிஸ்க்கை விட, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் மேல் சந்தேகப்படுங்கள், ஒரு கேபிள் மாற்றினால் போதும்.

ஒருவேளை டிஸ்க்தான் என்று தெரிந்தால், செய்யக் கூடாதவை சில. விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் தலையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடவிடுவது அது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று பழைய கதை ஒன்று சுற்றுகிறது, அதை வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படிந்துதான் மிச்சம். ஸ்க்ரூ கழற்றி உள்ளே பார்க்கவே பார்க்காதீர்கள், நானோமீட்டர் உயரத்தில் தலை மிதக்கும் இடத்தில் ஒரு தூசித் துகள் பாறாங்கல் மாதிரி. முக்கியமானதை மட்டும் முதலில் நகல் எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் கூட இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள், அது படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் திரும்பி வரும்.

சரி, உங்கள் சாயங்கால டக் டக். ஹார்ட்டிஸ்க்குக்குச் சாயங்காலம் என்று ஒன்று தெரியாது. சாயங்காலம் தெரிந்தது கரண்டுக்குத்தான். ஆறு, ஏழு மணிக்குத் தெருவே விளக்கும் ஏசியும் போடும்போது வோல்டேஜ் இறங்கும், உடனே யுபிஎஸ் தன் உள்ளே இருக்கும் ரிலேயை (தானாக மாறும் ஸ்விட்ச்) மாற்றி வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும், அந்த ரிலே மாறும் சத்தம் 'டக்'. திரும்ப ஏறினால் இன்னொரு 'டக்'. யுபிஎஸ்ஸைப் பெரும்பாலும் கேபினெட்டுக்குப் பக்கத்திலேயே மேஜைக்கு அடியில் தள்ளிவைத்திருப்போம், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் சத்தம் கேபினெட்டுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருக்கும். குனிந்து காதை யுபிஎஸ்ஸின் பக்கம் வைத்துக் கேளுங்கள். டக் வருகிற அதே கணத்தில் டியூப்லைட்டோ ஃபேனோ லேசாக மங்கினால் முடிந்தது, ஆள் அகப்பட்டான். அது பழுது இல்லை, அதன் வேலையே அதுதான். நிமிடத்துக்குப் பத்து தடவை அடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் வீட்டு லைனை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இப்போது காலை உறுமல். இதற்கு எனக்குச் சந்தேகமே இல்லை, ஃபேன்தான். எந்த ஃபேன் என்பதுதான் கேள்வி.

மலிவான ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். நுண்ணிய துளைகள் உள்ள வெண்கலக் குழாய் ஒன்று, அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும், நடுவில் எஃகு அச்சு. நாலைந்து வருடத்தில் எண்ணெய் பாதி ஆவியாகி, மீதி தூசியோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். ராத்திரி முழுக்க குளிர்ந்து கிடந்த ஃபேனைக் காலையில் சுழற்றினால் அச்சு குழாயில் உரசி, ஆடி, உறுமும். ஐந்து நிமிடத்தில் சூடேறி எண்ணெய் இளகி அச்சைச் சுற்றிப் பரவியதும் சத்தம் அடங்கிவிடும். நீங்கள் சொன்ன கதை அப்படியே இதுதான். இந்த ஐந்து நிமிடம் சில மாதத்தில் அரை மணி நேரம் ஆகும், அப்புறம் நாள் முழுக்க, அப்புறம் ஒரு நாள் ஃபேன் சுற்றாது. ஹார்ட்டிஸ்க் பேரிங்கோ, வேறு எதுவோ இப்படிச் சூடானதும் முழுதாக நல்லபடி ஆவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் கேபினெட்டுக்குள் மூன்று நான்கு ஃபேன் இருக்கும்: பிராசஸர் மேல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்றோ இரண்டோ. நாளைக் காலை ஸ்விட்ச் போடுவதற்கு முன்னாலேயே பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஏனென்றால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடம். ஒரு தினத்தாளை இறுக்கமாகக் குழாய் மாதிரி சுருட்டுங்கள். ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு ஃபேனுக்கும் இரண்டு விரல் தள்ளி. மோட்டார் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான், ஆனால் ஓடுகிற மதர்போர்டுக்கு மேலே இரும்பு வேண்டாம், காகிதம் போதும். வித்தியாசம் சிரிப்பு வருகிற அளவுக்குத் தெளிவாகத் தெரியும்.

அப்படியும் உறுதியாகத் தெரியாவிட்டால், ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டிய வட்டம் இருக்கிறதல்லவா, அதை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று நொடி நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான், விரலை எடுத்தால் தானாகச் சுற்றும். இறக்கையைப் பிடிக்கக் கூடாது, நடுவட்டம் மட்டும். பிராசஸர் ஃபேனை மூன்று நொடி நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, மூன்று நிமிடம் நிறுத்தினால் ஆகும். எஸ்எம்பிஎஸ் ஃபேனை மட்டும் இப்படிச் செய்யவே கூடாது, கம்பி வலைக்குள் குச்சி, ரீஃபில், ஊக்கு எதையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு காகிதக் குழாய் மட்டும்.

ஒருவேளை கேட்கவே பிடிபடாத ஹம் மாதிரி சத்தம் என்றால் போனில் ஸ்பெக்ட்ராய்டு போல ஒரு அலைவரிசை காட்டும் ஆப் போட்டுப் பாருங்கள், எனக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி. 7200 சுற்று டிஸ்க் என்றால் 120 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, எப்போதும் அசையாமல் நிற்கும். ஃபேன் என்றால் சுற்று எண்ணிக்கையை இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்கி அறுபதால் வகுக்க வேண்டும், 1200 சுற்று, ஏழு இறக்கை என்றால் 140. ஃபேன் வேகம் கூடும்போது கோடும் கூடவே ஏறும். கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே டிஸ்க்கா ஃபேனா என்று தெரிந்துவிடும்.

ஃபேனைக் கண்டுபிடித்த பிறகு எண்ணெய் விடலாமா என்று அடுத்த கேள்வி வரும், எல்லோரும் கேட்பது. விடலாம், தற்காலிகமாக. நடு ஸ்டிக்கரை உரித்தால் சில ஃபேன்களில் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைத் தூக்கித் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஸ்டிக்கர் திரும்ப ஒட்டாவிட்டால் செல்லோ டேப். சில வாரமோ சில மாதமோ ஓடும், அதற்குள் புது ஃபேன் வாங்கிவிடுங்கள். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய் ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்கவே வேண்டாம். குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் எது கையில் அகப்பட்டதோ அதை விட்டார், மே மாதம், ஃபேன் பட்டு மாதிரி ஓடியது என்று எனக்குப் பெருமையாகப் போன் வேறு. டிசம்பரில் மறுபடி போன், ஸ்விட்ச் போட்டால் ஃபேன் இரண்டு தடவை துடித்துவிட்டு நின்றுவிடுகிறதாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது தலைக்குத் தேய்க்கும்போது மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. ஹேர் டிரையரால் பேரிங்கைச் சூடுகாட்டித் தினமும் கம்ப்யூட்டரை ஆன் செய்துகொண்டிருந்தார் அந்த மனிதர்.

புது ஃபேன் வாங்குவதில் பெரிய சூட்சுமம் இல்லை. பின்பக்க ஃபேன் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர், ஸ்கேலை வைத்து வெளிச்சட்டத்தை அளங்கள். ஓட்டைக்கு ஓட்டை அளந்தால் 105 வரும், அதை வைத்து ஃபேன் கேட்டால் கடையில் விழிப்பார்கள். மூன்று பின்னா நான்கு பின்னா என்று பாருங்கள், நான்கு பின் இருந்தால் மதர்போர்டே தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மூன்று பின் ஃபேனை நான்கு பின் சாக்கெட்டில் சொருகலாம், ஓடும், ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) டிசி மோடுக்கு மாற்றாவிட்டால் எந்நேரமும் முழு வேகத்தில் ஊதிக்கொண்டு புதுச் சத்தம் ஒன்றை ஆரம்பித்துவைக்கும். மாட்டும்போது திசை: சட்டத்தின் குறுக்குக் கைகள், அதாவது நடுவட்டத்தைத் தாங்கும் அந்த நாலு கம்பிகள், எந்தப் பக்கம் இருக்கிறதோ காற்று அந்தப் பக்கமாக வெளியே வரும். பின்பக்க ஃபேனுக்கு அந்தப் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்து பால் பேரிங்கோ ஃப்ளூயிட் பேரிங்கோ வாங்கினால் அடுத்த ஆறு வருடம் இந்தப் பேச்சே இருக்காது.

மூடியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், தூசியையும் தட்டிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், ஹாலில் செய்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ப்ளோயர் அடிக்கும்போது ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது தாங்கும் வேகத்தைவிட இரண்டு மடங்கில் சுற்றி, இருக்கிற பேரிங்கும் போய்விடும். வீடு கூட்டும் வாக்யூம் கிளீனர் வேண்டாம். பிராசஸர் ஃபேனுக்கும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள், அங்கேதான் தூசி கம்பளித் துண்டு மாதிரி ஒரே பாளமாகப் படிந்திருக்கும், மேலிருந்து ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றினால் கையாலேயே உரித்து எடுக்கலாம்.

ஹீட்சிங்க்கோடு, அதாவது அந்தத் தகடுகளோடு சேர்த்துக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும், பழைய பேஸ்ட்டின் மேலேயே வைத்து அழுத்தாதீர்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலர் என்றால் நான்கு பிளாஸ்டிக் கால்கள், நான்கும் 'டக்'கென்று உட்கார வேண்டும். மூன்று உட்கார்ந்து ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் கம்ப்யூட்டர் ஓடும். பிராசஸர் சூடாகும், ஃபேன் எந்நேரமும் உச்ச வேகத்தில் அலறும். தூசி தட்டிக்கொண்டு வந்த பிறகு சத்தம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிக் கொண்டுவரும் கம்ப்யூட்டர்களில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கால்களைத்தான். ஏஎம்டி, அதிலும் ஏஎம்4 சாக்கெட் என்றால் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு கூலரை லேசாக இடம் வலம் திருகி எடுங்கள், நேராகப் பிடுங்கினால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து பின் வளைந்துவிடும்.

சில சத்தங்களுக்குப் பழுதே காரணமாக இருக்காது. சைக்கிள் சக்கரத்தில் பலூன் கட்டி ஓட்டியிருக்கிறீர்களா? அதே 'டர்ர்ர்' கேட்டால் ஏதோ ஒரு கேபிள் ஃபேன் இறக்கையைத் தொடுகிறது, ஒரு கேபிள் டை போதும். மேலே வலை வைத்த கேபினெட் என்றால் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் கட்டாயம் யாராவது கூப்பிடுவார்கள்: மேலே வைத்துப் படைத்த பொரி வலையின் ஓட்டை வழியாக உள்ளே போய் ஃபேனில் மாட்டியிருக்கும், கூடவே குங்குமமும். ஒரு வக்கீல் ஆபீஸில் முழுசாக முக்கால் மணி நேரம் எல்லா ஃபேனையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், 'கிணிகிணி' என்று ஒரு நடுக்கம், எதை நிறுத்தினாலும் நிற்கவில்லை, கை தவறி கேபினெட் மேல் வைத்திருந்த எவர்சில்வர் விபூதிச் சம்படத்தைத் தூக்கினேன், நின்றுவிட்டது. டிஸ்க்கின் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு தகட்டில் ஏறி, சம்படத்தின் மூடியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேபினெட் மேல் இருக்கும் பிள்ளையார், பூந்தொட்டி, எல்லாவற்றையும் கீழே இறக்கிவைத்துவிடுவேன். அப்புறம் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்தினால் சத்தம் மாறுகிறது என்றால் ஒன்று ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்க் தன் கூட்டில் சரியாக இறுகியிருக்காது.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், இதே சந்தேகத்தோடு வேறு யாராவது படிப்பார்கள். ஃபேன் 'ஊஉஉ' என்று ஏறி, அடங்கி, மறுபடி ஏறுகிறது என்றால் ஸ்பேனரைத் தேடாமல் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அப்டேட்டோ ஆன்டிவைரஸோ பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம், பிரௌசரில் எண்பது டேப் திறந்திருக்கலாம். ஒன்றும் இல்லாமலே ஏறி இறங்கினால் பயாஸில் ஃபேன் வேகத்தின் வளைகோடு ரொம்பச் செங்குத்தாக இருக்கிறது, 50 டிகிரியிலிருந்து 60 வரை சமமாக இழுத்துவிட்டாலே பாதி சரியாகும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரி என்றால் உள்ளே எல்லாமே அதற்கு மேலேதான் கணக்கு, கோடையில் கொஞ்சம் கூட ஊதுவதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று சில்வண்டு மாதிரி மெல்லிய 'ச்சீஈஈ'. கேம் ஆடும்போது, அதிலும் சும்மா மெனுவில் நிற்கும்போது அதிகமாகும். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் காயில்கள், வழியாகப் பாயும் கரண்டுக்குத் தக்கபடி அதிர்கின்றன, அவ்வளவுதான். ஆபத்து இல்லை, கார்டு கெட்டுப்போவதற்கான அறிகுறியும் இல்லை. மெனுவில் நொடிக்கு ஆயிரம் ஃப்ரேம் வரைகிறது, அதை மானிட்டரின் அளவுக்கு, 60 என்றோ 144 என்றோ கட்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதே 'சீ' ஹெட்ஃபோனுக்குள்ளே, மவுஸை நகர்த்தினால் மாறுகிறது என்றால் அது வேறு, முன்பக்க ஆடியோ கேபிள் உள்ளே இருக்கும் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறது, பின்பக்க ஓட்டையில் சொருகிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஹம் அடித்து, கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்றால் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. அதை மட்டும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

பீப் பீப் என்று கத்தி ஸ்க்ரீன் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டினால் பாதி நேரம் முடிந்துவிடும். டிவிடி டிரைவ் உள்ளவர்கள் உள்ளே பழைய டிஸ்க் ஏதும் மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள், ஆன் செய்ததும் வரும் 'விர்ர்' அதுதான்.

உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருகிறேன். கடைக்காரர் குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகவே இருக்கவும் கூடும். ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் பெரும்பாலும் படுக்கை வசமாக இருக்கும், ஸ்லீவ் பேரிங் ஃபேன் படுத்த நிலையில் ஓடினால் எண்ணெய் சீக்கிரம் ஒரு பக்கம் ஒதுங்கித் தேயும், மற்ற ஃபேன்களுக்கு முன்னால் இதுதான் உறும ஆரம்பிக்கும். நாளைக் காலை காகிதக் குழாயில் அங்கேதான் சத்தம் கேட்டால், கடைக்குக் கொண்டுபோய் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியே கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வேறு எதுவும் சுற்றாதபோது அது மட்டும் உறுமினால் வாதமே இல்லை. ராத்திரி ஆறவிட்டு, காலையில் முதல் ஆளாகப் போங்கள், இல்லாவிட்டால் சூடேறிச் சமர்த்தாகிவிடும், கடைக்காரர் உங்களைத்தான் பார்ப்பார்.

அப்படி உறுதியானால் முதலில் பில்லைத் தேடுங்கள், சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஐந்து வருடம், ஏழு வருடம் என்று வாரண்ட்டி உண்டு. இல்லையென்றால் உள்ளே ஃபேன் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காமல் முழுசாகவே மாற்றுங்கள், ஆறு வருட கபாசிட்டர்களும் அந்த ஃபேனோடு சேர்ந்துதான் கிழடாகியிருக்கின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டருக்கு 80 பிளஸ் பிராண்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) முத்திரை உள்ள 450 வாட் போதும். கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள மாடல் என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் சொருக விடாதீர்கள், கனெக்டர் பொருந்தும், உள்ளே வயரின் வரிசை வேறாக இருக்கும், அந்த ஹார்ட்டிஸ்க்தான் முதலில் போகும்.